தட்டு சாய்ந்ததா, கரைந்ததா

— அந்த ஜன்னலை விட்டு நகருங்க பெட்டிக்ரூ. நீங்க முறைச்சா மேகம் பயந்து ஓடிடுமா? ரெண்டு நாளா முறைச்சுக்கிட்டுதான் இருக்கீங்க.

— நான் மேகத்தைப் பாக்கலை, டாக்டரம்மா. இந்தப் பக்கம் திரும்பினா உங்க முகத்தைப் பாக்கணும். அதுக்கு மேகம் பரவாயில்லன்னு தோணுச்சு.

— வந்ததுலேர்ந்து இதுதான் நீங்க சிரிச்ச முகமா பேசின முதல் வார்த்தை.

— நான் எங்க சிரிச்சேன்?

— மீசை ஆடுச்சு.

— கேளுங்க, ஒரு விஷயத்தைத் தெளிவா வெச்சுக்கலாம். நான் உங்களோட சேந்து விண்ணப்பம் போட்டது ஆசைப்பட்டு இல்ல. தொலைநோக்கி ஒதுக்கற அந்தக் குழு என்ன எழுதுச்சுன்னு உங்களுக்கும் தெரியும். 'ஒரே நட்சத்திரத்துக்காக டாக்டர் ஆம்ப்ரோஸ் பெட்டிக்ரூவும் டாக்டர் குட்ரூன் தோர்வால்ட்சனும் வருஷா வருஷம் தனித்தனியா கேக்கறீங்க, ஒருத்தர் விண்ணப்பத்துல இன்னொருத்தரைத் திட்டறதுக்கே பாதிப் பக்கம் போகுது. இனிமே சேந்து கேட்டா தொலைநோக்கி உண்டு. இல்லன்னா கிடையாது.' பள்ளிக்கூடப் பசங்களை ஒரே பெஞ்சுல உக்கார வெக்கற மாதிரி.

— நல்லா வேணும் நமக்கு. எங்க ஊர்ல எங்க அப்பா இதைத்தான் பண்ணுவாரு. நானும் எங்க அண்ணனும் அடிச்சுக்கிட்டா ரெண்டு பேரையும் ஒரே படகுல ஏத்தி ஏரி நடுவுல விட்டுடுவாரு. ஒருத்தர் துடுப்புப் போட்டா படகு சுத்திச் சுத்தி வரும். ரெண்டு பேரும் போட்டாத்தான் கரைக்கு வரலாம்.

— வந்தீங்களா?

— அண்ணனைத் தண்ணியில தள்ளி விட்டுட்டு நான் மட்டும் வந்தேன்.

— அரிசோனா மலை மேல தண்ணி கிடையாது. அதுவரைக்கும் என் அதிர்ஷ்டம்.

— யாராவது இந்தக் கதவைத் திறங்க! ரெண்டு கையிலயும் தட்டு இருக்கு!

— வாங்க லூப்பே, வாங்க. அட, தமாலேயா? வாசனை தூக்குது. எதுக்கு இவ்வளவு சிரமம்?

— சிரமம் என்னங்கம்மா, எங்க அத்தை பண்டிகைக்குச் சோள மாவுல அவிச்சது. உள்ள பச்சை மிளகாயும் பாலாடைக்கட்டியும். சோள மடலை உரிச்சுட்டு சாப்பிடுங்க. போன மாசம் ஒரு டாக்டர் மடலோட கடிச்சுட்டாரு, பாவம். ஐயா, நீங்களும் உக்காருங்க. நீங்க ரெண்டு பேரும் போடற சத்தம் மேல தொலைநோக்கிக் கூண்டு வரைக்கும் கேக்குது.

— நாங்க சத்தம் போடலை லூப்பே. கருத்துப் பரிமாறிக்கிட்டோம்.

— ஐயா, நான் இங்க தொலைநோக்கியைத் திருப்பற வேலைக்கு வந்து பல வருஷம் ஆச்சு. எங்க திருப்பணும்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா ஒரே ஒரு நட்சத்திரத்துக்கு ரெண்டு பேர் வந்து, ரெண்டு பேரும் தனித்தனி மேஜையில முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து இப்பதான் பாக்கறேன். அப்படி என்னதான் இருக்கு அதுல?

— நான் சொல்றேன்.

— நீங்க சொன்னா ஒரு பக்கமா இருக்கும் பெட்டிக்ரூ. நான் சொல்றேன். லூப்பே, அது ஒரு பம்பரம்.

— அதுக்கு நம்பர் இருக்கு. நூத்தி நாலு.

— எனக்கு அது பம்பரம். நீல நிறத்துல எரியற ராட்சசப் பம்பரம். நம்ம சூரியனை மாதிரி நாலஞ்சு மடங்கு சூடு. சுத்தற வேகத்துல இடுப்பு பிதுங்கிப் போய் பூசணிக்காய் மாதிரி இருக்கும். அதுக்கு மேல வேகம் போனா உடைஞ்சே போயிடும். அந்த விளிம்புல நின்னுக்கிட்டு அது என்ன பண்ணுது தெரியுமா? இடுப்புலேர்ந்து வாயுவை வீசி எறியுது. எறிஞ்ச வாயு எங்கயும் போகாம அதைச் சுத்தியே ஒரு தட்டு மாதிரி பரவி நிக்குது. செக்கச்செவேல்னு ஒளிவிடற தட்டு. நினைச்சுப் பாருங்க, நட்சத்திரம் தன் உடம்பையே எடுத்துத் தனக்கு ஒரு பாவாடை தெச்சுக்குது.

— பாவாடைங்கறது மட்டும் அம்மாவோட கைச்சரக்கு. மத்ததெல்லாம் சரி.

— நன்றி.

— அந்தத் தட்டை யாரு பாத்தா? கண்ணுக்குத் தெரியுமா?

— எந்தத் தொலைநோக்கியிலயும் அது வெறும் புள்ளி லூப்பே. இதுதான் இதுல எனக்குப் பிடிச்ச இடம், கேளுங்க. அந்தப் புள்ளியோட வெளிச்சத்தைப் பிரிச்சு நிறமாலையாக்கினா, சிவப்புல ஒரு இடத்துல ரெண்டு கொம்பு எழும்பி நிக்கும். தட்டு சுத்துதில்ல? நம்மளைப் பாத்து வர்ற பாதி ஒரு கொம்பு. நம்மளை விட்டுப் போற பாதி இன்னொரு கொம்பு. நூத்துக்கணக்கான ஒளி வருஷத்துக்கு அந்தப் பக்கம், புள்ளியா இருக்கற ஒண்ணுல எந்தப் பக்கம் வருது, எந்தப் பக்கம் போகுதுன்னு ரெண்டு கொம்பு நமக்குச் சொல்லுது. முப்பது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். இன்னும் எனக்கு அது அலுக்கலை.

— பாருங்க, எவ்வளவு அழகா பேசறாரு. இந்த மனுஷன்தான் மேடையில ஏறினா கத்தியைத் தூக்குவாரு.

— அப்ப சண்டை எங்க வந்துச்சு?

— கொம்பு குறைஞ்சுக்கிட்டே வருது. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா. அதுல வந்துச்சு.

— உண்மை. அதை அளந்தது இவருதான். இவரை மாதிரி சுத்தமா அளக்கறவங்க இந்த உலகத்துல கிடையாது. அளந்ததுக்கு அர்த்தம் சொல்றப்பதான் கோட்டை விடுவாரு.

— கேட்டீங்களா லூப்பே? பாராட்டற மாதிரி ஆரம்பிச்சு எங்க கொண்டு போய் விட்டாங்க!

— இந்தத் தமாலே தட்டைக் குடுங்க. லூப்பே, இப்ப மேலேருந்து பாருங்க. வட்டமா, பெருசா தெரியுதா? இப்ப சாய்க்கறேன். இன்னும் சாய்க்கறேன். இப்ப?

— ஒடுங்கிப் போச்சு. விளிம்பு மட்டும்தான் தெரியுது.

— அவ்வளவுதான். தட்டு அப்படியே இருக்கு, நமக்குத் தெரியற அளவுதான் குறையுது. பம்பரத்துக்குப் பக்கத்துல ஒரு சின்னத் துணை நட்சத்திரம் இருக்கு. அது தட்டைப் புடிச்சு இழுத்துக்கிட்டே இருக்கு. அதனால தட்டு மெள்ள மெள்ளச் சாயுது. இது என் கணக்கு.

— இப்ப என் பக்கம். அந்தத் தட்டை இப்படிக் கொடுங்க டாக்டரம்மா. லூப்பே, தட்டு சாயவே இல்ல. இதோ, நான் ஒண்ணை எடுத்துத் தின்னேன். இன்னொண்ணு. தட்டுல இருக்கறது தீந்துக்கிட்டு வருது. நட்சத்திரம் வீசி எறியறதை நிறுத்திடுச்சு. இருந்த வாயு பாதி உள்ள விழுந்துச்சு, பாதி வெளியில போச்சு. தட்டு கரையுது. பல நட்சத்திரத்துல இது நடந்ததை நம்ம கண்ணால பாத்திருக்கோம். சாயறதுங்கறது இவங்க ஆசை.

— இருந்ததுலயே பெருசு ரெண்டையும் எடுத்துட்டாரு பாத்தீங்களா?

— இதுல யாரு சொல்றது சரின்னு எப்படித் தெரியும்?

— இந்தக் குளிர்காலத்துல தெரியும். என் கணக்குப்படி இப்ப தட்டு விளிம்பைக் காட்டிக்கிட்டு நிக்கணும். அப்படி நின்னா தட்டோட வாயு நட்சத்திரத்து முகத்துக்கு நேர் குறுக்கால வரும். வந்தா, ரெண்டு கொம்புக்கும் நடுவுல மெல்லிசா, கருப்பா, ஆழமா ஒரு வெட்டு விழும். அந்த வெட்டு இருந்தா தட்டு இருக்கு.

— இல்லன்னா?

— இல்லன்னா ஐயா சொல்றதுதான் சரி. கொம்பும் இருக்காது, வெட்டும் இருக்காது. வெறும் நட்சத்திரம்.

— நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தெரிஞ்சாகணும், அதுதான் கஷ்டம். பூமியைச் சுத்தி ஒரு புற ஊதாத் தொலைநோக்கி போகுதில்ல, அதுல இந்த நட்சத்திரத்துக்கு நேரம் ஒதுக்கியிருக்காங்க. தட்டு இல்லன்னா என் திட்டம்: மூடிக் கிடந்த நட்சத்திரத்தோட வெறும் உடம்பை முதல் தடவையா பாக்கலாம். தட்டு இருந்தா இவங்க திட்டம்: தட்டுக்குள்ள புகுந்து வர்ற வெளிச்சத்தைப் பாக்கலாம். கருவியை அதுக்குத் தனியா, இதுக்குத் தனியா அமைக்கணும். ரெண்டும் முடியாது. எதுன்னு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள நாங்க எழுதி அனுப்பணும்.

— அப்ப இன்னைக்கு விட்டா?

— நாளைக்கு விடியக்காலையிலேருந்து பனிப்புயல். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டு ஒரு திட்டத்துக்குத் தலையாட்ட வேண்டியதுதான். குழு எந்தத் திட்டத்துக்குத் தலையாட்டும்னு நான் சொல்லவே வேண்டாம். இவரு திட்டத்துக்குத்தான் ஆட்டும். அதுக்கப்புறம் தட்டு மறுபடியும் இந்த மாதிரி விளிம்பைக் காட்ட எண்பது வருஷம் ஆகும் லூப்பே. நான் இருக்க மாட்டேன். இவரும் இருக்க மாட்டாரு. இவரு மீசை வேணா இருக்கும்.

— இப்ப புரியுது, ரெண்டு பேரும் ஏன் இப்படி ஜன்னலோட மல்லுக்கட்டறீங்கன்னு. அம்மா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இவரு மேல உங்களுக்குக் கோபம் இது ஒண்ணுக்குத்தானா?

— அதை அவரையே கேளுங்க. பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி மொன்ட்ரியால் கூட்டத்துல என்ன சொன்னாருன்னு.

— டாக்டரம்மா, அதை இப்ப எதுக்கு...

— நான் அப்பதான் இந்தச் சாயற கணக்கை முதல் தடவையா சொல்றேன். கூடம் நிறைய ஆளு. ஐயா எந்திரிச்சு, 'அம்மையார் காட்டினது வானியல் இல்லை, தட்டாமாலை. கொஞ்ச நேரம் சுத்தினா நமக்கும் எல்லாம் சாயற மாதிரிதான் தெரியும்'னாரு. கூடமே சிரிச்சுச்சு. கடைசி வரிசையில தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தவனுக்குப் புரை ஏறிடுச்சு. அதுக்கப்புறம் எங்க போனாலும் என் கணக்குக்குத் தட்டாமாலைன்னே பேரு ஆயிப்போச்சு.

— ஐயோ.

— நான் எங்க ஊரு கிம்லிக்குத் திரும்பிப் போனேன். ஏரி உறைஞ்சு கிடந்துச்சு. எங்க அண்ணன் பனியில ஓட்டை போட்டு வலை விட்டிருந்தான். அவன் குடிசையில ஒரு வாரம் உக்காந்திருந்தேன். அவன் ஒண்ணுமே கேக்கலை. கடைசி நாள் மட்டும், 'மீன் அங்க இருக்குன்னு உனக்குத் தோணுதா?'ன்னான். ஆமான்னேன். 'அப்ப ஓட்டையை மூட விடாதே'ன்னான். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கணக்கை முதல்லேருந்து போட்டேன்.

— அந்தக் கணக்கைத்தான் 2012-ல கட்டுரையா போட்டீங்க.

— படிச்சீங்களா?

— படிச்சேனாவா? அதை நான் வருஷா வருஷம் என் பசங்களுக்குப் பாடமா வெக்கறேன்.

— எதுக்கு? எப்படி எழுதக் கூடாதுன்னு காட்டறதுக்கா?

— 'இதுல ஒரு தப்புக் கண்டுபிடிங்க பாக்கலாம்'னு வெக்கறேன். இதுவரைக்கும் ஒருத்தனும் கண்டுபிடிக்கலை. நானும் கண்டுபிடிக்கலை. கணக்கு தப்பில்லாம இருக்கு. நியாயமா பாத்தா, இந்தத் துறையில அவ்வளவு சுத்தமான கணக்கு நான் இன்னொண்ணு பாத்ததில்ல. அது இந்த நட்சத்திரத்துக்குப் பொருந்தாதுங்கறதுதான் என் கட்சி.

— இதை ஏன்யா எங்கயுமே எழுதலை?

— நீங்க என்னை 'சாவு வீட்டு மேளம்'னு எழுதியிருந்தீங்களே, அந்த வருஷம்.

— நீங்க தட்டு செத்துப்போச்சு, செத்துப்போச்சுன்னு வருஷா வருஷம் கொட்டு அடிச்சீங்க. வேற என்னன்னு சொல்றது?

— அம்மா! ஐயா! பேச்சை நிறுத்திட்டு இங்க வாங்க. மேற்கால பாருங்க.

— எங்க... அட! வெளுக்குதே!

— வெளுக்கலை, கிழிஞ்சிருக்கு. அந்த மலை உச்சிக்கு மேல, பாருங்க, நீலம். அப்படியே நம்ம பக்கம் வருது. ஆனா ரொம்ப நேரம் நிக்காது, பின்னாலயே கருகருன்னு ஒண்ணு வருது. நான் கூண்டுக்குப் போறேன். கதவு மேல பனி உறைஞ்சிருக்கும், துடைப்பத்தால தட்டி விட்டாத்தான் திறக்கும்.

— இருட்டவே இல்லையே இன்னும்.

— பளிச்சுன்னு இருக்கற நட்சத்திரம்தானே டாக்டரம்மா. அந்தி வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது. கருவியை நான் பாத்துக்கறேன், நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருங்க. ஏன் கையைத் தேச்சுக்கிட்டே இருக்கீங்க?

— குளிரு.

— ஹீட்டர் பக்கத்துல உக்காந்துக்கிட்டா?

— சும்மா இருங்கய்யா.

— ஹலோ, ஹலோ, கேக்குதா? கூண்டுலேர்ந்து லூப்பே. கதவு திறந்தாச்சு. மேல வானம் சுத்தமா இருக்கு. வரிசைப்படியே போகட்டுமா?

— வரிசையோ கிரிசையோ, ஆரம்பிங்க லூப்பே! மேகம் வந்துடும்!

— சரிங்கம்மா, ஆரம்பிச்சுட்டேன். திரும்புது. புள்ளி வந்துடுச்சு. பிடிச்சாச்சு. வெளிச்சம் ஏறுது.

— பெட்டிக்ரூ.

— சொல்லுங்க.

— ஒண்ணும் இல்ல.

— படம் வருது. நீலப் பக்கம் முதல்ல வரும். அப்புறம் சிவப்பு. இதோ.

— நகருங்க, சிவப்பை நான் பாக்கறேன்.

— டாக்டரம்மா?

— கொம்பு இல்ல.

— இல்ல.

— வெட்டும் இல்ல.

— இருங்க, இன்னொரு தடவை பெருசாக்கிக் காட்டறேன்.

— எதுக்கு? கண்ணு நல்லாத்தான் இருக்கு எனக்கு. வெறும் நட்சத்திரம். தட்டு இல்ல. சுத்தமா இல்ல. வழிச்சுத் துடைச்ச மாதிரி இருக்கு.

— நான்... கேளுங்க, நான் இப்படி எதிர்பாக்கலை. கொஞ்சமாவது மிச்சம் இருக்கும்னு நினைச்சேன்.

— அழகா இருக்கில்ல? பாவாடை இல்லாத பம்பரம். யாருமே இதுவரைக்கும் பாத்ததில்ல. ஜெயிச்சுட்டீங்க பெட்டிக்ரூ. கையைக் குடுங்க.

— உக்காருங்க முதல்ல.

— கையைக் குடுங்கன்னேன். பதினெட்டு வருஷமா நீங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னது தட்டாமாலைதான்.

— அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. தயவுசெஞ்சு சொல்லாதீங்க.

— ஏன், உங்க வார்த்தைதானே?

— சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. உங்க கணக்கு தப்பில்ல. ஒரு நாள் வேற ஏதோ நட்சத்திரத்துல அது நூத்துக்கு நூறு நடக்கும், அப்ப எல்லாரும் உங்க பேரைத்தான் சொல்லுவாங்க. ஆள் இல்லாத ஊருல, ஒரு உதவி இல்லாம, நாங்க எல்லாரும் சிரிச்சதுக்கப்புறம் திரும்பவும் உக்காந்து போட்டீங்க பாருங்க. எனக்கு அந்தத் தெம்பு இருந்திருக்காது. என்னைப் பாத்து யாராவது அப்படிச் சிரிச்சிருந்தா நான் கண்ணாடிக் கடை வெச்சுக்கிட்டு எங்க ஊரு டொலீடோவுலயே உக்காந்திருப்பேன்.

— தோத்தவளுக்குப் போர்த்தற சால்வையா இது? சரி, வேண்டாம்னு சொல்லலை, போர்த்துங்க. கதகதப்பாத்தான் இருக்கு. நகருங்க, செய்தியை இப்பவே எழுதிடறேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வெச்சுக்கிட்டிருந்தா என் புத்தி ஏதாவது சாக்குத் தேடும்.

— அவசரமில்ல.

— எனக்கு அவசரம். 'தட்டு முழுசா கரைஞ்சு போச்சு. டாக்டர் பெட்டிக்ரூவோட திட்டப்படி கருவியை அமைக்கவும். என் திட்டத்தை நான் திரும்ப வாங்கிக்கறேன். குட்ரூன் தோர்வால்ட்சன்.' போதுமா? இன்னும் ஏதாவது சேக்கணுமா?

— போதும்.

— ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் செல்லும். அனுப்பற பட்டனை நீங்க அமுக்குங்க. எனக்கு அது மட்டும் முடியலை.

— அமுக்கறேன்.

— என்ன, அப்படியே நிக்கறீங்க? அமுக்குங்கய்யா.

— ஒரு நிமிஷம்.

— எதைப் பாக்கறீங்க?

— நீலப் பக்கத்தை.

— நீலப் பக்கத்துல என்ன இருக்கு? கொம்பு சிவப்புலதான் வரும். அது இல்லன்னு ஆயிடுச்சு. அமுக்கிட்டு வாங்க, லூப்பேயைக் கூப்பிட்டு காபி குடிக்கலாம்.

— டாக்டரம்மா, கொஞ்சம் இப்படி வாங்க. இந்தக் கோட்டைப் பாருங்க. ஹீலியம்.

— பாத்தேன். ஹீலியம். அதுக்கென்ன?

— எவ்வளவு குறுகலா இருக்கு! ஊசி குத்தின மாதிரி.

— பெட்டிக்ரூ, எனக்கு இரக்கம் காட்ட வேண்டாம். என்னைச் சமாதானப்படுத்த ஏதாவது பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க.

— இது இரக்கம் இல்லம்மா, ஹீலியம். நீங்களே சொன்னீங்க லூப்பேகிட்ட. உடையற விளிம்புல நின்னு சுத்தற பம்பரம்னு. அவ்வளவு வேகத்துல சுத்தினா அதோட கோடெல்லாம் எப்படி இருக்கணும்?

— இழுபட்டு இருக்கும். அகலமா, ஆழமில்லாம, சாப்பாட்டுத் தட்டு மாதிரி... 

— இது?

— இது... இது குறுகலா இருக்கு.

— தட்டு வரும், போகும். நட்சத்திரம் சுத்தற வேகம் பதினெட்டு வருஷத்துல மாறுமா?

— மாறாது.

— அப்ப இது சுத்தாத நட்சத்திரம். இல்ல, சோம்பேறித்தனமா சுத்தற நட்சத்திரம். குட்ரூன், இது நம்ம நட்சத்திரமே இல்ல.

— லூப்பே! லூப்பே! மைக்கை எடுங்க! இப்ப எந்த நட்சத்திரத்துல நிக்குது தொலைநோக்கி?

— வரிசையில முதல்ல இருக்கறதுலதாங்கம்மா. நூத்தி மூணு. ஐயா வழக்கமா முதல்ல எடுப்பாரே, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு, தட்டு இல்லாத சாதா நட்சத்திரம். 'வரிசைப்படி போகட்டுமா'ன்னு கேட்டேனே. நீங்கதானே ஆரம்பிங்கன்னு சொன்னீங்க?

— நானேதான் சொன்னேன். நானே! என் வாயாலயே!

— உங்க மேல தப்பில்ல லூப்பே. பக்கத்துலயே இருக்கற அடுத்ததுக்குத் திருப்புங்க. நூத்தி நாலு. சீக்கிரம்!

— திருப்பறேன் ஐயா. ஆனா மேகம் கூண்டு வாசலுக்கு வந்தாச்சு. ஓரத்துல தொடுது.

— எவ்வளவு நேரம் கிடைக்கும்?

— கிடைக்கறது கிடைக்கும்.

— பெட்டிக்ரூ, நீங்க பட்டனை அமுக்கியிருக்கலாம்.

— கருவியைப் பாக்க விடுங்கம்மா.

— அமுக்கியிருந்தா எல்லாம் உங்களுது. நான் எழுதிக் குடுத்துட்டேன், கையும் குடுத்துட்டேன். நான் அந்த நீலப் பக்கத்தைத் திரும்பிக்கூடப் பாக்கலை. எனக்குத் தெரிஞ்சே இருக்காது. யாருக்குமே தெரிஞ்சிருக்காது.

— எனக்குத் தெரிஞ்சுடுச்சே. என்ன பண்றது?

— புள்ளி பிடிச்சாச்சு! வெளிச்சம் ஏறுது, ஆனா மங்கி மங்கி வருது. விடாம பிடிச்சிருக்கேன்.

— வரட்டும் லூப்பே, கிடைக்கற வரைக்கும் சேத்துக்கங்க. டாக்டரம்மா, ஏன் கண்ணை மூடிக்கிட்டீங்க?

— ஒரு தடவை தோத்துட்டேன் இன்னைக்கு. இன்னொரு தடவை என் கண்ணால பாத்துத் தோக்கத் தெம்பில்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவேன்.

— நானா? என்னையா நம்புவீங்க?

— உங்களை மட்டும்தான் நம்புவேன். முதல்ல ஹீலியம் சொல்லுங்க.

— அகலம். நல்ல அகலம். இழுத்துப் போட்ட மாதிரி. நம்மளுதுதான், சந்தேகமே இல்ல.

— நம்ம பம்பரம்.

— நம்ம பம்பரம்.

— மேகம் மூடிடுச்சு ஐயா! கதவைச் சாத்தறேன். கிடைச்சது அவ்வளவுதான்.

— சாத்துங்க லூப்பே. போதும். இருக்கறது போதும்.

— சிவப்புப் பக்கம் வந்துச்சா?

— வருது.

— கொம்பு இருக்கா?

— இருக்கு. ரெண்டும் இருக்கு. குட்டையா, ஆனா நிக்குது ரெண்டும்.

— அப்புறம்? பேசுங்கய்யா. மூக்கை உறிஞ்சற சத்தம் கேக்குதே. பெட்டிக்ரூ, அழறீங்களா என்ன?

— கண்ணைத் திறங்க குட்ரூன். நடுவுல கன்னங்கரேல்னு வெட்டியிருக்கு.